மான் விழுந்தால் லீவு

அந்தப் பாலைவனத்தில் என்னை மாதிரி மானைத் தேடிய ஆள் வேறு எவனும் இருந்திருக்க மாட்டான். எனக்கு மான்கறி மேல் ஆசை கிடையாது. துப்பாக்கியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. ஒரு மான் செத்து விழுந்தால் எனக்கு லீவு, ஊருக்குப் போகலாம். விழாவிட்டால் போக முடியாது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. என் அர்பாப் அப்படித்தான் சொன்னார்.

அர்பாப் என்றால் முதலாளி. எனக்கு விசா கொடுத்த கஃபீலும் அவர்தான். எழுபதுகளின் நடுவில், துபாய்க்குக் கிழக்கே மலை தாண்டி இருக்கிற புஜைராவில் அவரிடம் டிரைவராக இருந்தேன். மலைக்குள் ரோடு போட்டுக்கொண்டிருந்த காலம். ரோடு வேலை நடக்கிற கேம்ப்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய் இறக்க அவருக்கு லாரி இருந்தது, அவர் போய்வர ஒரு ஜீப் இருந்தது. இரண்டையும் நான்தான் ஓட்டினேன். ரிப்பேர் என்றாலும் நான்தான் அடியில் படுக்க வேண்டும். பாஸ்போர்ட் அவருடைய இரும்புப் பெட்டியில். அதில் ஒன்றும் ஆச்சரியமில்லை, எல்லாருடைய பாஸ்போர்ட்டும் எவனோ ஒருவன் பெட்டியில்தான் இருந்தது.

துபாயில் வேலை பார்த்த எங்கள் ஊர்க்காரர் ஒருத்தர் லீவு முடிந்து திரும்பியதும், நேரே என்னைப் பார்க்கத்தான் புஜைரா வந்தார். கல்லும் மண்ணுமான பாதையில் குலுங்கிக் குலுங்கி வந்து இறங்கினார். ஆளைப் பார்த்ததுமே அம்மா முறுக்கு கொடுத்து விட்டிருக்கும் என்று நினைத்து அவர் பையைத்தான் பார்த்தேன்.

"உக்காரு தம்பி" என்றார். லாரி டயர் ஒன்று கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்தேன். "பாப்பா தவறிருச்சுப்பா. காய்ச்சல். முதுகுளத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள..."

"எந்தப் பாப்பா?" என்று கேட்டேன்.

சத்தியமாக அப்படித்தான் கேட்டேன். அந்த மனுஷன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என் மகள்தான். நான் விமானம் ஏறிய பிறகு பிறந்தவள். நான் அவளைப் பார்த்ததே இல்லை. நடக்க ஆரம்பித்திருந்தாளாம். அதையும் அவர்தான் சொன்னார்.

"பிள்ளைய விடு, அது விதி. உன் வீட்டுக்காரிதான்யா... பொதைச்சுட்டு வந்ததுலேருந்து ஒரு வார்த்தை பேசல. சோறு ஊட்டுனா திங்குது, படுனா படுக்குது. பேச்சு மட்டும் சுத்தமா நின்னு போச்சு. பேய் ஓட்டிப் பாத்தாச்சு, டாக்டர்கிட்ட காட்டியாச்சு. நீ வந்து நின்னாத்தான் வாய் திறக்கும்னு உங்கம்மா அழுவுது. உடனே கெளம்புப்பா."

சரி என்றேன். அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். அவர் போனதும் லாரியை எடுத்துக்கொண்டு மத்தியான லோடு அடிக்கப் போனேன். அழுகை வரும், வரும் என்று பார்த்தேன், வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் தடித்து யாருடைய கன்னமோ மாதிரி ஆகிவிடுமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி ஆகிவிட்டது. கேம்பில் மலையாளி ஒருத்தன் என்னமோ ஜோக் சொன்னான், சிரித்தேன்கூட. ஒன்றே ஒன்றுதான் மண்டைக்குள் இருந்தது. ஊருக்குப் போகணும். அவள் பேசணும்.

சாயங்காலம் அர்பாபிடம் சொன்னேன். எங்களுக்குள் பேச்சு பாதி இந்தி, பாதி அரபி, மீதி கை ஜாடை. அவர் கெட்டவர் இல்லை. எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். எதையோ ஓதினார். காவா என்கிற அரபிக் காப்பியும் பேரீச்சம்பழமும் எடுத்து அவர் கையாலேயே கொடுத்தார். "நாளைக்கே போ" என்றார். எனக்கு அதுவே பெரிய விஷயம்.

மறுநாள் காலையில் அவர் மச்சான் குவைத்திலிருந்து வந்து இறங்கினார். கூடவே துணி சுற்றிய இரண்டு துப்பாக்கிகளும்.

அர்பாப் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகம் சரியில்லை. மணலில் ஜீப் ஓட்ட உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை என்றார். ஒரே ஒரு மான், மான் விழுந்த அன்றைக்கே உன் பாஸ்போர்ட் உன் கையில் என்றார். பிறகு குரலைத் தணித்து, "உன் வீட்டுச் சமாச்சாரம் அவர் காதுக்குப் போகக்கூடாது. அவர் விருந்தாளி" என்றார். அவர்கள் வழக்கம் அது. வீட்டில் சாவே விழுந்திருந்தாலும் விருந்தாளி முன்னால் முகத்தில் காட்டமாட்டார்கள். வந்தவன் மனசு நோகக்கூடாதாம். என் மனசைப் பற்றி அந்த வழக்கத்தில் ஒன்றும் இல்லை.

ஒரு மான்தானே, ரெண்டு நாள் வேலை என்று நினைத்துக்கொண்டு ஜீப்பில் பெட்ரோல் ஊற்றினேன்.

கிளம்பினது நாலு பேர். அர்பாப், குவைத்துக்காரர், நான், அப்புறம் சமையலுக்கும் அறுப்புக்கும் ஒரு பலூச்சி, பலூச்சிஸ்தான் ஆள். மலையைத் தாண்டி மேற்கே இறங்கினால் சரளைக்கல் தரை, அதற்கு அப்பால் மணல், நடுநடுவே முள்மரங்கள். அங்கே கூடாரம் போட்டோம்.

அந்தத் துப்பாக்கிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைப் பிடித்த சனியனே அவைதான். குவைத்துக்காரரின் தாத்தா காலத்துச் சாமான். ஒன்றின் கட்டை விரிசல் விட்டு வெள்ளிக் கம்பியால் சுற்றியிருந்தது. விசையைச் சுற்றி நீளமாக ஒரு இரும்பு வளையம். விரல்களை அதற்குள் நுழைத்துக் கீழே தள்ள வேண்டும், அப்புறம் மேலே இழுக்க வேண்டும். தள்ளினால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறிக்கும். இழுத்தால் புதுசு ஏறும். தோட்டாக்கள் குழலுக்கு அடியில் இன்னொரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். அந்தத் தோட்டா கடையில் கிடைக்காது, எங்கெங்கோ சொல்லி வைத்து வரவழைத்தாராம். கிட்டே போய்ச் சுட்டால்தான் குறி நிற்கும். மணல் பட்டால் வளையம் முரண்டு பிடிக்கும். அர்பாப் வீட்டுச் சுவரில் தூரத்துக் கண்ணாடி வைத்த புதுத் துப்பாக்கி ஒன்று தொங்கியது. அதை எடுத்து வந்திருந்தால் முதல் நாள் காலையிலேயே கதை முடிந்திருக்கும். எடுக்கமாட்டேன் என்றுவிட்டார் குவைத்துக்காரர்.

ஏன் என்று பலூச்சி சொன்னான். குவைத்தில் அவர் அப்பா படுத்த படுக்கையாம். எதைக் கொடுத்தாலும் வாயை மூடிக்கொள்கிறாராம். ஒரு நாள் தானாகவே, "என் துப்பாக்கியில் சுட்ட மான் என்றால் ஒரு வாய் சாப்பிடுவேன்" என்றாராம். அதனால்தான் இந்தத் துப்பாக்கி. அதனால்தான் ஜீப்பிலிருந்து சுடாமல் நடந்து போய்ச் சுடுவது. அந்தக் கிழவர் அப்படித்தான் சுடுவாராம். உப்புத் தடவி உலர்த்திக் கொண்டுபோக வேண்டும் என்று பலூச்சி உப்பு மூட்டையைக் காட்டினான்.

அதைக் கேட்டதும் எனக்கு ஐயோ பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். அவர் வீட்டிலும் ஒரு ஆள் வாயை மூடிக்கொண்டு கிடக்கிறார், என் வீட்டிலும் கிடக்கிறாள். ஆனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உப்பு மூட்டையை ராத்திரிப் பனியில் நனையாத இடமாகப் பார்த்து வைத்தேன்.

முதல் மான் கண்ணில் பட்ட அன்று குவைத்துக்காரர் வயிற்றால் ஊர்ந்து ஊர்ந்து போனார். ஐம்பது வயசு ஆள், கண்ணாடி போட்டவர், இருமல் வேறு. இருமலை அடக்கிக்கொண்டு முள்மரம் வரைக்கும் போய்விட்டார். போய் நிதானமாகக் குந்தி, வளையத்தைத் தள்ளி இழுத்தார். கடக் கடக் என்று இரும்புச் சத்தம். மான் தலையைத் தூக்கியது. அடுத்த நிமிஷம் அந்த இடத்தில் வெறும் புழுதிதான் இருந்தது. தோட்டாவை முதலிலேயே ஏற்றிக்கொண்டு போகக்கூடாதா, இதுகூடவா தெரியாது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் திரும்பி வந்து ஒரு தப்புச் செய்த பிள்ளை மாதிரி எங்களைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த தடவையிலிருந்து ஏற்றிக்கொண்டுதான் போனார்.

நாட்கள் போயின. மான் கிடைக்கவில்லை. முன்னெல்லாம் கூட்டம் கூட்டமாக நிற்குமாம், ஜீப் வந்ததிலிருந்து குறைந்துவிட்டது என்று அர்பாப் சொன்னார். நான் காலடி பார்க்கக் கற்றுக்கொண்டேன். எது ஆட்டுக் குளம்பு, எது மான் குளம்பு, எது நேற்றையது, எது இன்றையது. புழுக்கையை நசுக்கிப் பார்த்து ஈரம் இருக்கிறதா என்று சொல்வேன். வெளிச்சம் வருவதற்கு முன்பே எல்லாரையும் நான்தான் எழுப்புவேன். "இந்தப் பையனுக்கு வேட்டை ரத்தத்திலேயே இருக்கிறது" என்று குவைத்துக்காரர் அர்பாபிடம் சொன்னார். அர்பாப் குனிந்து செருப்பைச் சரிசெய்தார்.

ஒரு நாள் ஒரு பெட்டை மான் நல்ல கிட்டத்தில் வந்து நின்றது. பக்கத்தில் குட்டி. மனுஷன் துப்பாக்கியைத் தூக்கினார், குறி பார்த்தார், இறக்கிவிட்டார். "குட்டி நிற்கிறது" என்று மெதுவாகச் சொன்னார். சுடுய்யா, எவன் குட்டி செத்தால் உனக்கென்ன என்று தொண்டை வரைக்கும் வந்தது. நல்ல வேளை, தமிழில் வந்தது. மானும் குட்டியும் மெதுவாக மேய்ந்துகொண்டே போய்விட்டன. குட்டியைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்ததா என்றால், இல்லை. இன்னும் ஒரு நாள் போச்சே என்றுதான் இருந்தது.

இன்னொரு நாள் நடந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. எதிரே ஒரு பிக்கப் வந்தது. புதுத் துப்பாக்கி வைத்த இளவட்டங்கள். பின்னால் மூன்று மான்கள் கால் கட்டிக் கிடந்தன. ஓட்டிக்கொண்டே சுட்டார்களாம். அர்பாபைப் பார்த்ததும் இறங்கி, மூக்கோடு மூக்கு உரசி சலாம் சொல்லி, "ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் மாமா" என்று ஒரு மானைக் காலைப் பிடித்து இழுத்து வைத்தார்கள். நான் ஜீப்பின் பின்கதவைத் திறந்தே விட்டேன்.

குவைத்துக்காரர் வேண்டாம் என்றார். "எந்தத் துப்பாக்கி என்று அப்பா கேட்பார். சாகக் கிடக்கிறவரிடம் நான் பொய் சொல்ல முடியாது."

அட மகராசா! மான்தான் செத்துக் கிடக்கிறதே, எடுத்துப்போட்டுக்கொண்டு வாயேன்! நான் அர்பாபைப் பார்த்தேன். அவருக்கு என் பார்வை புரிந்தது. "யல்லா" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். திறந்த கதவை நானே மூடினேன்.

அதற்கப்புறம் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் அது நடந்தது. பலூச்சிக்குக் காய்ச்சல். கூடாரத்திலேயே படுத்துக்கொண்டான். வெயில் ஏறும் நேரத்துக்கு, தனியாக ஒரு ஆண் மான் சரளைமேட்டுக்குக் கீழே நின்றதை நான்தான் முதலில் பார்த்தேன். ஜீப்பை முள்மரத்துக்குப் பின்னால் நிறுத்தினேன். அவர்கள் இரண்டு பேரும் இறங்கிப் போனார்கள். அர்பாபுக்கு முட்டிவலி, இன்னொரு துப்பாக்கியோடு பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். குவைத்துக்காரர் மட்டும் ஊர்ந்தார். உதடு அசைந்தது. சுடும்போதெல்லாம் பிஸ்மில்லா சொல்லித்தான் சுடுவார். வெடித்தது. மான் விழுந்தது.

விழுந்து எழுந்துவிட்டது.

பின்னங்கால் முறிந்து தொங்கியது. மூன்று காலில் துள்ளித் துள்ளி மேட்டுப் பக்கமாக ஓடியது. அவர் வளையத்தைத் தள்ளினார். பாதியில் நின்றுவிட்டது. மணல். மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. முட்டியில் வைத்து அமுக்குகிறார், அசைய மாட்டேன் என்கிறது. மேட்டுக்குப் பின்னால் பாறை இடுக்கு. உள்ளே நுழைந்துவிட்டால் மான் போச்சு, என் லீவும் போச்சு.

எனக்கு என்ன ஆச்சோ தெரியாது. ஜீப்பில் விறகு வெட்டக் கைக்கோடாலி கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். செருப்பு எங்கோ கழன்று விழுந்தது. கல் குத்தியது, உறைக்கவில்லை. மேட்டு அடிவாரத்தில் மான் ஒரு முள்செடியில் சிக்கி விழுந்தது. நான் போய் நின்றேன். வாயில் நுரை. விலா ஏறி ஏறி இறங்கியது. என்னைப் பார்த்தது. முன்னங்காலை ஊன்றி எழப் பார்த்தது.

எங்கள் குலசாமிக்குக் கெடா வெட்டும்போது பங்காளிகளில் எங்கள் வீட்டு ஆள்தான் அரிவாள் பிடிக்கணும். அப்பாவுக்குப் பிறகு நான். பிடரியில் ஒரே வெட்டு. தலை தனியாக விழணும். ரெண்டாவது வெட்டு விழுந்தால் ஊருக்கே ஆகாது. அந்தக் கைதான் ஓங்கியது. நான் யோசித்ததாக ஞாபகமில்லை. மான் கழுத்து கெடாக் கழுத்தை விட மெலிசு. ஒரே வெட்டு.

தலையைக் கொம்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, "கலாஸ்! கலாஸ்!" என்று கத்தினேன். எத்தனையோ நாளைக்கு அப்புறம் நான் சிரித்தேன். முடிந்தது, ஊருக்குப் போகிறேன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

அவர்கள் வந்து சேர்ந்தார்கள். அர்பாப் அப்படியே கல்மேல் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். குவைத்துக்காரர் மானின் கழுத்தையும் என் கையில் இருந்த கோடாலியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீயா வெட்டினாய்?"

"ஆமா!" என்றேன். அப்போதும் என் முகத்தில் சிரிப்பு போகவில்லை.

"ஹராம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வராது என்கிற மாதிரி சொன்னார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உயிரோடு கிடைத்தால் அவர்கள் ஆள்தான் அறுக்கணும், அல்லா பேர் சொல்லித் தொண்டையில் அறுக்கணும். தினம் கோழி அறுப்பதைப் பார்க்கிறவன் நான். எனக்குத் தெரியாததா? தெரியும். என் கைக்குத் தெரியவில்லை. அப்புறம் கூடாரத்தில் பலூச்சி இதைக் கேட்டுவிட்டு வாயிலேயே அடித்துக்கொண்டான். "சும்மா பக்கத்துல நின்னிருந்தாலே போதுமே பாய்! அவங்க வர்றதுக்குள்ள அதுவா செத்திருந்தாலும் ஹலால்தான். பிஸ்மில்லா சொல்லிச் சுட்ட குண்டு. நீ தொடாம இருந்தா போதும்."

அங்கே மான் பக்கத்தில், அர்பாப் எழுந்து வந்து என்னை அடிக்கக் கை ஓங்கினார். குவைத்துக்காரர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "பையன் எனக்கு உதவி செய்ய நினைத்தான்" என்றார். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. மானை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். இன்னொன்று தேட வேண்டும் என்றார்கள். நான் ஜீப்பை ஸ்டார்ட் செய்தேன். எனக்குத் துக்கமும் இல்லை, ஆத்திரமும் இல்லை. கையில் ரத்தம் காய்ந்து ஸ்டியரிங்கில் ஒட்டியது. மண்ணைப் போட்டுத் துடைத்தேன்.

மறுபடி காலடி, மறுபடி புழுக்கை. ஒரு வாரம் இருக்கும், கூடவும் இருக்கலாம். ஒன்றும் கண்ணில் படவில்லை.

ஒரு மத்தியானம் புஜைராவிலிருந்து போலீஸ் ஜீப் ஒன்று எங்களைத் தேடிக்கொண்டு வந்தது. குவைத்திலிருந்து வயர்லெஸ்ஸில் செய்தி. கிழவர் போய்விட்டார்.

குவைத்துக்காரர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். துப்பாக்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வளையத்தைத் தள்ளி இழுத்தார். சுடாத தோட்டா ஒன்று மணலில் விழுந்தது. மறுபடி தள்ளி இழுத்தார், இன்னொன்று. அன்றைக்குப் பார்த்து எங்கேயும் சிக்கவில்லை. குழாய் காலியான பிறகும் தள்ளி இழுத்துக்கொண்டே இருந்தார். அர்பாப் போய் மெதுவாகக் கையிலிருந்து வாங்கினார். அப்புறம் அந்த மனுஷன் அழுதார். வாய் விட்டு, பிள்ளை மாதிரி. நான் குனிந்து தோட்டாக்களைப் பொறுக்கினேன். உள்ளபடி சொல்கிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு மனுஷனால் இவ்வளவு சுலபமாக அழ முடிகிறதே என்று.

துபாய் ஏர்போர்ட்டுக்கு நான்தான் ஓட்டிப் போனேன். முன்சீட்டில் குவைத்துக்காரர், பின்னால் அர்பாப். பாதி வழியில், பேச்சுக்கு ஏதாவது வேண்டும் என்றோ என்னவோ, "உனக்குக் குழந்தைகள் உண்டா?" என்று என்னிடம் கேட்டார்.

விருந்தாளி என்ற கட்டு முடிந்துவிட்டது என்று நினைத்தேனா, இல்லை எதையும் நினைக்கவில்லையா, தெரியாது. "ஒரு மகள். செத்துப்போச்சு" என்றேன்.

"எப்போது?"

"நீங்கள் வருவதற்குக் கொஞ்ச நாள் முந்தி. வேட்டை முடிந்தால் லீவு."

அவர் மெதுவாகத் திரும்பி அர்பாபைப் பார்த்தார். "இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? அன்றைக்கே இவனை அனுப்பியிருப்பேனே."

"நீங்கள் விருந்தாளி" என்றார் அர்பாப். ஏர்போர்ட் வந்தது. இறங்கும்போது குவைத்துக்காரர் என் தலையில் கை வைத்தார். அன்றைக்கே பாஸ்போர்ட் என் கைக்கு வந்தது.

பம்பாய் போய் இறங்கி, ரயில் பிடித்து, மதுரையில் பஸ் மாறி ஊருக்குப் போனேன். வழி நெடுக என்னிடம் ஒரே நினைப்புதான். நான் போய் நின்றால் அவள் பேசுவாள். பேசிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். எனக்கும் அழுகை வரும். நான் அவளை அழாதே என்பேன், அவள் என்னை அழாதே என்பாள்.

அம்மா வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் ஓலமிட்டாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உள்ள இருக்காடா. போ. ஏதாச்சும் பேச்சுக் குடு. உங் குரலக் கேட்டா வாயத் தெறப்பா. நாங்க யாரும் வரல" என்று என்னை உள்ளே தள்ளிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். தலை வாரிப் பூ வைத்து விட்டிருந்தார்கள், எனக்காகத்தான். என்னைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. நான் எதிரே உட்கார்ந்தேன்.

என்ன பேசுவது? பாப்பாவைப் பற்றிப் பேசலாம் என்றால் எனக்கு ஒன்றும் தெரியாது. என்ன நிறம், எப்படிச் சிரிக்கும், ஒன்றுமே தெரியாது. எப்படி இருக்கே என்று கேட்டேன். நல்லா சாப்புடு என்றேன். இனிமே நான் இருக்கேன்ல என்றேன். கிளிப்பிள்ளை மாதிரி எதையெதையோ சொன்னேன். அவள் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். கேள்வி அந்தக் கண்ணிலேயே இருந்தது. ஏன் இவ்வளவு நாள்?

அதற்கு மட்டும்தான் என்னிடம் பதில் இருந்தது. சொன்னேன். அர்பாப், குவைத்துக்காரர், வளையம் வைத்த அந்தப் பழைய துப்பாக்கி, மான் விழுந்தால்தான் லீவு என்று சொன்னது, பிக்கப்பில் செத்துக் கிடந்த மான்கள், கடைசியில் கால் முறிந்து ஓடினது. எல்லாவற்றையும் கொட்டினேன். சொல்லச் சொல்ல அவள் முகத்தில் என்னமோ அசைந்தது. சரி, கேட்கிறாள், வழிக்கு வருகிறாள் என்று எனக்கு உற்சாகமாகிவிட்டது. செருப்பில்லாமல் ஓடினதைச் சொன்னேன். முள்செடியில் விழுந்து கிடந்ததை, அது என்னைப் பார்த்ததை, நான் வெட்டினதை எல்லாம் சொன்னேன்.

அவள் உதடு பிரிந்தது. ரொம்ப நாள் பேசாததால் குரல் கரகரவென்று வந்தது.

"அந்த மானு சாகும்போதாவது பக்கத்துல இருந்தீங்களே" என்றாள்.

அடுப்படியில் என்னவோ பாத்திரம் உருண்டது. "பேசிட்டாளா? ஆத்தா, எம் மருமக பேசிட்டாளா!" என்று அம்மா ஓடி வந்தாள். மருமகள் கன்னத்தைத் தடவினாள், திருஷ்டி கழித்தாள், சாமி பேரையெல்லாம் சொல்லிக் கும்பிட்டாள். வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொன்னாள். என் பெண்டாட்டி மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. நிற்கவே இல்லை. அம்மா அதைச் சந்தோஷ அழுகை என்று நினைத்துக்கொண்டு என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"என்னடா சொன்னா? வாயத் தெறந்து மொத மொத என்னடா சொன்னா?"

"சாப்பிட்டீங்களான்னு கேட்டாம்மா" என்றேன்.